விளக்கக்காட்சியில் எங்கே கோளாறு? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

விளக்கக்காட்சி எடுபடவில்லை என்றால் எல்லோரும் முதலில் கைவைப்பது ஸ்லைடில்தான். பின்னணி நிறத்தை மாற்றுவார்கள், எழுத்து பறந்து வரும்படி செய்வார்கள், இன்னும் நாலு படம் சேர்ப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. ஒரே ஸ்லைடின் தலையில் இரண்டு வேலையைக் கட்டுவதுதான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம்: பேசுகிறவருக்கு அடுத்து என்ன என்று நினைவூட்டவும் வேண்டும், கேட்கிறவருக்கு விஷயத்தைக் காட்டவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்யப்போய் இரண்டும் அரைகுறையாக நிற்கிறது. கீழே உள்ள அறிகுறிகளில் பலவற்றைத் துருவிப் பார்த்தால் இங்கேதான் வந்து சேர்வோம்.

ஆசிரியர், மாணவர் இருவருக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியை மட்டும் படித்தால் போதும். அரங்கில் நின்றபடியே இதைத் திறந்தவர்களுக்காக இயந்திரக் கோளாறுகள் முதலில் வருகின்றன.

அறிகுறி: கேபிள் செருகியாயிற்று, திரையில் படம் வரவில்லை

புரொஜெக்டர் எதையாவது காட்டுகிறதா என்று பாருங்கள். வெறும் நீலத் திரையோ ‘சிக்னல் இல்லை’ என்ற அறிவிப்போ தெரிந்தால் புரொஜெக்டர் நன்றாக இருக்கிறது, லேப்டாப்பிலிருந்து வர வேண்டியது வரவில்லை என்று பொருள். ரிமோட்டில் ‘சோர்ஸ்’ அல்லது ‘இன்புட்’ என்ற பட்டனை அழுத்தி, கேபிள் செருகியிருக்கும் துளையின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். எச்டிஎம்ஐ 1, எச்டிஎம்ஐ 2 என்று இரண்டு இருக்கும் இடங்களில் இந்த ஒரு தவறுதான் அடிக்கடி நடக்கிறது.

அதிலும் வரவில்லையா? விண்டோஸ் லேப்டாப்பில் விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு ‘பி’ (P) அழுத்துங்கள். நாலு தெரிவுகள் வரும். ‘டூப்ளிகேட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் லேப்டாப்பில் தெரிவதே பெரிய திரையிலும் தெரியும். யுஎஸ்பி-சி துளையில் அடாப்டர் போட்டு இணைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எல்லா யுஎஸ்பி-சி துளையும் படம் அனுப்பாது, சில துளைகள் சார்ஜ் செய்யவும் கோப்பு மாற்றவும் மட்டுமே. பக்கத்தில் இன்னொரு துளை இருந்தால் அதில் செருகிப் பாருங்கள்.

இரண்டு நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் கேபிளை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள். கூட்டத்தின் பொறுமை முழுவதும் கேபிளோடு தீர்ந்துவிட்டால் பிறகு படம் வந்தும் பயனில்லை. பென் டிரைவில் கோப்பின் பிடிஎஃப் பிரதி ஒன்று இருந்தால் வேறு எந்தக் கணினியிலும் திறந்துகொள்ளலாம்.

அறிகுறி: உங்கள் குறிப்புகள் எல்லோருக்கும் தெரிகின்றன

குறிப்புகளைப் பேசுகிறவருக்கு மட்டும் காட்டும் பவர்பாயிண்டின் ‘பிரசன்டர் வியூ’ திரை மாறிப் போய்விட்டது. மேலே ‘டிஸ்ப்ளே செட்டிங்ஸ்’ என்பதில் இரண்டு திரைகளையும் இடம் மாற்றும் ‘ஸ்வாப்’ தெரிவு இருக்கும். அதை அழுத்தினால் போதும்.

அறிகுறி: காணொளி ஓடுகிறது, ஒலி இல்லை

எச்டிஎம்ஐ கேபிள் படத்தோடு ஒலியையும் எடுத்துப்போகும். லேப்டாப் தன் ஒலியைப் புரொஜெக்டருக்கு அனுப்பிவிட்டது, புரொஜெக்டரில் ஸ்பீக்கர் இல்லை அல்லது மெதுவாக வைத்திருக்கிறது. கீழே வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் குறியைத் தட்டி, ஒலி எங்கே போக வேண்டும் என்பதை மாற்றுங்கள். இணையவழி வகுப்பில் ஜூம் பயன்படுத்துபவர்கள் திரையைப் பகிரும்போதே ஒலியையும் பகிரும் கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்கு மட்டும் கேட்கும், மற்றவர்கள் ஊமைப்படம் பார்ப்பார்கள்.

காணொளியே ஓடவில்லை என்றால் அது இணைய இணைப்பாக மட்டும் செருகப்பட்டதா என்று பாருங்கள். அரங்கின் இணைய வேகத்தை நம்பி ஒரு பாடத்தை அமைப்பது எனக்கு உடன்பாடில்லை. எம்பி4 கோப்பாக வைத்துக்கொண்டு அதையே ஸ்லைடுக்குள் சேர்த்துவிடுவது நல்லது.

அறிகுறி: வீட்டில் தமிழாக இருந்தது, இங்கே வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. கோப்புக்குள் உண்மையில் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு இல்லாத கணினியில் அந்த மேல்வேடம் கலைந்துவிடுகிறது. யூனிகோடில் தமிழுக்கென்று தனி இடம் இருப்பதால் இந்தச் சிக்கல் வராது. விண்டோஸ் 8 முதல் நிர்மலா என்ற எழுத்துரு கணினியோடே வருகிறது.

இப்போதைக்கு: உங்கள் லேப்டாப்பையே இணையுங்கள், அல்லது பிடிஎஃப் பிரதியைத் திறங்கள். நிரந்தரமாக: பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு, ஒருமுறை மாற்றி, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாடக்குறிப்புகளை வருடாவருடம் பயன்படுத்தும் ஆசிரியர்களுக்கு இந்த ஒரு மாலை வேலை பெரிய நிம்மதி தரும்.

எழுத்து தமிழ்தான், ஆனால் வரி கட்டத்தைத் தாண்டி வழிகிறது என்றால் காரணம் வேறு. நீங்கள் வைத்த எழுத்துரு அங்கே இல்லை, கணினி வேறொன்றை மாற்றிப் போட்டுவிட்டது. தமிழ் எழுத்துருக்கள் ஒரே அளவு எண்ணிலும் ஒன்றுக்கொன்று அகலத்தில் நிறைய வேறுபடும். பவர்பாயிண்டில் ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘சேவ்’ என்று போனால் எழுத்துருவைக் கோப்போடு சேர்த்துச் சேமிக்கும் தெரிவு இருக்கிறது.

கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து தனியாக நின்றால் அந்த வரியைப் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டியிருப்பீர்கள். அதற்குக் குறுக்குவழி இல்லை, திரும்பத் தட்டச்சு செய்யுங்கள்.

அறிகுறி: பின்வரிசைக்குத் தெரியவில்லை

ஸ்லைடு தயாரிக்கும்போது லேப்டாப் நம் மூக்கருகே இருக்கிறது. அதனால் எல்லாமே பெரிதாகத் தெரியும். சரியான சோதனை இது: அரங்கில் திரை 2 மீட்டர் அகலம், கடைசி பெஞ்சு 10 மீட்டர் தொலைவு என்று வைத்துக்கொள்வோம். தொலைவு அகலத்தைப்போல் 5 மடங்கு. உங்கள் லேப்டாப் திரை 30 சென்டிமீட்டர் அகலம் என்றால் 150 சென்டிமீட்டர் தள்ளி நின்று படித்துப் பாருங்கள். அங்கிருந்து கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிந்தால் கடைசி பெஞ்சாலும் முடியும்.

தமிழுக்கு ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் தாராளமான அளவு வேண்டும். ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் இடையே ஒரு சுழிதான் வேறுபாடு. ‘க’வா ‘க்’ஆ என்பதை ஒரு புள்ளி தீர்மானிக்கிறது. சிறிய எழுத்தில் முதலில் காணாமல் போவது அந்தப் புள்ளிதான். எழுத்தளவு 28 பாயிண்டுக்குக் கீழே போகாதீர்கள் என்பேன், வேறு வழியே இல்லை என்றால் 24 கடைசி எல்லை. வரிகளுக்கு இடையிலும் இடம் விடுங்கள், மேலே இகர விசிறியும் கீழே உகரச் சுழியும் மோதிக்கொள்ளக் கூடாது. இரு ஓரமும் நேராக வரும்படி வரியை இழுத்து நிரப்பும் ஏற்பாட்டைத் தமிழில் தவிர்த்துவிடுங்கள். நம் சொற்கள் நீளமானவை, வரிக்கு மூன்று சொல்தான் வரும், அவற்றை இரு ஓரத்துக்கும் இழுத்தால் நடுவில் பள்ளம் பள்ளமாகத் தெரியும்.

அளவு சரி, ஆனாலும் மங்கலாகத் தெரிகிறதா? புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. அது ஒளியை மட்டுமே வீசும். திரையில் கறுப்பாகத் தெரிய வேண்டிய இடம் ஒளி படாத இடம், அங்கே அறை வெளிச்சத்தில் திரை எந்த நிறமோ அதுதான் தெரியும். அதனால்தான் லேப்டாப்பில் அழகாக இருந்த கரும்பின்னணி வெளிச்சமான வகுப்பறையில் சாம்பலாக வெளுத்துப்போகிறது. விளக்கை அணைத்தால் சரியாகிவிடும், ஆனால் மாணவர்கள் குறிப்பெடுக்க முடியாது. வெளிச்சமான அறைக்கு வெளிர் பின்னணி, அடர்ந்த எழுத்து. இணையப் பக்கங்களுக்கான அணுகல்தன்மை விதிகள் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கேட்கின்றன. வெள்ளையில் கறுப்பு 21க்கு 1. வெள்ளையில் மஞ்சள் இந்தச் சோதனையில் தேறாது.

வரைபடத்தில் சிவப்புக்கோடு, பச்சைக்கோடு என்று மட்டும் பிரித்துக் காட்டாதீர்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத மாணவர்கள் பல வகுப்புகளில் இருப்பார்கள், வெளியே சொல்லாமலும் இருப்பார்கள். கோட்டின் மேலேயே பெயரை எழுதிவிட்டால் எல்லோருக்கும் தெளிவு.

அறிகுறி: ஸ்லைடைப் பார்த்து அப்படியே வாசிக்கிறார்

எனக்குத் தெரிந்து மிகப் பரவலான நோய் இது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் பொது. இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம், மூன்றுக்கும் மருந்து வேறு. எந்தக் காரணம் என்று கண்டுபிடிக்காமல் ‘பார்த்து வாசிக்காதே’ என்று கண்டித்தால் மாணவர் அதே வாசகத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிப்பார். அவ்வளவுதான் நடக்கும்.

சோதனை எளிது. ஒத்திகையின்போது, நடுவில் ஏதாவது ஒரு ஸ்லைடில் ‘பி’ (B) விசையை அழுத்துங்கள். பவர்பாயிண்டில் திரை கறுத்துவிடும். இப்போது அந்த ஸ்லைடின் விஷயத்தை ஒரு நிமிடம் பேசச் சொல்லுங்கள்.

தடையில்லாமல் பேசினால், விஷயம் தெரியும், வாசிப்பது வெறும் பழக்கம் அல்லது துணைக்கு ஒரு பிடி. ஸ்லைடிலிருந்து வாசகங்களை எடுத்துவிட்டாலே குணமாகிவிடும்.

விஷயம் தெரிகிறது, ஆனால் முன்பின்னாக வருகிறது என்றால், அவருக்கு வேண்டியது வரிசை மட்டும். உள்ளங்கை அளவு அட்டையில் ஐந்தாறு சொற்களை எழுதிக் கையில் கொடுங்கள். அல்லது வாசகங்களை ஸ்லைடுக்குக் கீழே உள்ள ‘நோட்ஸ்’ பகுதிக்கு மாற்றி, பிரசன்டர் வியூவில் தன் திரையில் மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். நினைவூட்டல் தேவைப்படுவது ஒரு குறையே இல்லை. அது எல்லோர் கண்ணெதிரிலும் இருக்க வேண்டியதில்லை என்பதுதான் விஷயம்.

ஒன்றுமே வரவில்லை என்றால் அவருக்கு விஷயம் புரியவில்லை. எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார். இவருக்கு ஸ்லைடைப் பற்றிப் பேசிப் பயனில்லை. கோப்பை மூடிவிட்டு, எதிரே உட்காரவைத்து, ‘இதை எனக்குச் சொல்லு’ என்று கேட்டு, அவர் சொல்லும் மொழியிலேயே பாடத்தை மறுபடி கட்ட வேண்டும். நேரம் பிடிக்கும். ஆனால் மூன்றில் உண்மையாகக் கற்றல் நடப்பது இந்த இடத்தில்தான், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வாசிப்பதில் என்ன தவறு என்று கேட்பவர்கள் உண்டு. நாம் வாய்விட்டுச் சொல்லும் வேகத்தைவிடக் கேட்பவர் மனதுக்குள் படிக்கும் வேகம் அதிகம். அவர் மூன்றாம் வரியில் இருக்கும்போது நாம் முதல் வரியில் இருக்கிறோம். ஒரே வாசகம் கண்ணிலும் காதிலும் வெவ்வேறு நேரத்தில் வந்து விழ, இரண்டையும் பொருத்திப் பார்ப்பதிலேயே கவனம் செலவாகிறது. ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் மேயர் போன்ற கல்வி உளவியலாளர்கள் இதை மிகைமை விளைவு என்று ஆராய்ந்திருக்கிறார்கள். படத்தைக் காட்டிப் பேசுவது, படத்தோடு அதே பேச்சை எழுத்திலும் போடுவதைவிடப் பொதுவாக நன்றாகப் பதிகிறது. பாட மொழி தாய்மொழியாக இல்லாதவர்களுக்கும் செவித்திறன் குறைந்தவர்களுக்கும் எழுத்து உதவும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்களுக்கு அச்சிட்ட தாளாகவோ தலைப்பு வரிகளாகவோ கொடுக்கலாம்.

வாசகங்களை எடுத்தபின் ஸ்லைடில் என்னதான் இருப்பது? மைக்கேல் ஆலி என்ற பொறியியல் தகவல்தொடர்புப் பேராசிரியர் பரப்பிய முறை எனக்கு மிகவும் பிடித்தது. தலைப்பு இடத்தில் ஒரு முழு வாக்கியம், அதற்குக் கீழே அந்த வாக்கியம் உண்மை என்று காட்டும் படம். ‘பச்சையம்’ என்று தலைப்பிட்டு ஆறு புள்ளிகள் போடுவதற்குப் பதில், ‘பச்சை ஒளியைக் குறைவாக உறிஞ்சுவதால் இலை பச்சையாகத் தெரிகிறது’ என்று எழுதிவிட்டு, எந்த நிற ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்ற வரைகோட்டை மட்டும் கீழே வையுங்கள். வாக்கியம் எழுத உட்கார்ந்தால்தான் நமக்கே சொல்ல ஒன்று இருக்கிறதா இல்லையா என்று தெரியவரும். வாக்கியம் வரவில்லை என்றால் அந்த ஸ்லைடு வேண்டாம்.

கவிதை, வரையறை, கணக்கின் வினா இவையெல்லாம் எழுத்தாகத்தான் இருக்க வேண்டும். அவற்றைக் காட்டும்போது பேச்சை நிறுத்தி, படிக்க நேரம் கொடுங்கள். கணக்கின் தீர்வை மட்டும் ஸ்லைடில் போடாதீர்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்வேன். பலகையில் எழுதும் வேகம் மாணவர் யோசிக்கும் வேகத்துக்கு அருகில் இருக்கிறது, ஸ்லைடில் பன்னிரண்டு வரியும் ஒரே தட்டில் வந்துவிடுகிறது.

அறிகுறி: நேரம் முடிந்தது, ஸ்லைடு முடியவில்லை

எப்படி ஒத்திகை பார்த்தீர்கள் என்று முதலில் யோசியுங்கள். மனதுக்குள் ஓட்டிப்பார்த்திருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. எழுந்து நின்று, வாய்விட்டு, ஸ்டாப்வாட்ச் வைத்துப் பேசிப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் அளவுகளைத் தமிழுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘போயிருக்கவேண்டியிருந்தது’ என்பது நமக்கு ஒரே சொல். உங்கள் உரையில் ஒரு பக்கத்தை நிதானமாகப் படித்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால் உங்களுக்கான அளவு கிடைத்துவிடும்.

10 நிமிடம் கொடுத்திருந்தால் 8 நிமிடத்துக்குத் தயாரியுங்கள். பாதி நேரத்தில் எந்த ஸ்லைடில் இருக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்தங்கிவிட்டால் வேகத்தைக் கூட்டாமல் ஸ்லைடைக் குறையுங்கள், எவற்றை விடலாம் என்பதை முன்பே முடிவு செய்து வையுங்கள். ஸ்லைடு எண்ணைத் தட்டி ‘என்டர்’ அழுத்தினால் நேரே அங்கே போய்விடலாம். நடுவில் உள்ளவற்றை விறுவிறுவென்று புரட்டிக் காட்டுவது தேவையே இல்லை.

மாறாக, 10 நிமிடப் பேச்சு 4 நிமிடத்தில் முடிந்துவிட்டால் காரணம் பதற்றமாக இருக்கும், அல்லது உதாரணமே இல்லாத பேச்சாக இருக்கும்.

நேரக் கட்டுப்பாட்டை வகுப்பில் பழக்க நல்ல பயிற்சிகள் உண்டு. 2003இல் டோக்கியோவில் தொடங்கிய பெச்சா குச்சா முறையில் 20 ஸ்லைடு, ஒவ்வொன்றும் 20 நொடி, தானாக நகரும், மொத்தம் 6 நிமிடம் 40 நொடி. சிறு மாணவர்களுக்கு 5 ஸ்லைடாகக் குறைத்துக்கொள்ளலாம். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய போட்டியில் ஆய்வு மாணவர் தன் முழு ஆய்வையும் ஒரே ஸ்லைடு வைத்து 3 நிமிடத்தில் சொல்ல வேண்டும். எதை விடுவது என்று யோசிக்கவைப்பதால் இவை இரண்டும் பயனுள்ளவை.

அறிகுறி: கை நடுங்குகிறது, வாய் உலர்கிறது, சட்டென்று மறந்துவிடுகிறது

நடுக்கம் வராதவர் குறைவு. தெரிந்துகொள்ள வேண்டியது, அது நமக்குத் தெரிகிற அளவுக்கு மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், தம் பதற்றம் வெளியே எவ்வளவு தெரிகிறது என்பதைப் பேசுபவர்கள் மிகைப்படுத்தி எண்ணுவதாகக் கண்டார்கள். இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லிவைத்தவர்கள் இன்னும் நன்றாகப் பேசினார்கள். ஆகவே பயந்த பிள்ளையிடம் ‘ஏன் இப்படி நடுங்குகிறாய்?’ என்று கேட்காதீர்கள். ‘உனக்குப் படபடவென்று இருக்கும், ஆனால் எங்களுக்கு அது அவ்வளவாகத் தெரியாது’ என்று முந்தின நாளே சொல்லிவையுங்கள்.

‘அமைதியாக இரு’ என்ற அறிவுரையும் அவ்வளவாக உதவாது. ஆலிசன் உட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட சோதனைகளில், பேசுவதற்கு முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். படபடக்கும் நெஞ்சை அடக்குவதைவிட அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபமாக இருக்கிறது போலும்.

கையில் பெரிய தாள் வேண்டாம், சிறு நடுக்கத்தையும் அது பெரிதாக்கிச் சடசடக்கும். கெட்டி அட்டை சரி. முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் நன்றாக மனப்பாடம் செய்யுங்கள், முழு உரையையும் வேண்டாம். முழுவதும் மனப்பாடம் செய்தவருக்கு ஒரு சொல் தப்பினால் அதற்குப் பின்னால் உள்ள அனைத்தும் தப்பிவிடும். நடுவில் மறந்துபோனால் நிறுத்தி, தண்ணீர் குடித்து, கடைசியாகச் சொன்னதை வேறு சொற்களில் திரும்பச் சொல்லுங்கள். அடுத்தது பெரும்பாலும் தானாக வந்துவிடும்.

ஒரு மாணவர் வருடக்கணக்காக மேடைக்கே வர மறுத்தால் படி படியாகக் கூட்டிப்போக வேண்டும். முதலில் இடத்தில் உட்கார்ந்தபடி பக்கத்து மாணவரிடம், அப்புறம் நாலு பேருக்கு, அப்புறம் தன் இடத்தில் எழுந்து நின்று, கடைசியில் முன்னே வந்து. வகுப்பு சிரித்தால் அதை அங்கேயே நிறுத்துவது ஆசிரியரின் பொறுப்பு. அந்த ஒரு சிரிப்பை ஒரு பிள்ளை பல வருடம் சுமந்து திரியும்.

அறிகுறி: பேசுவது காதில் விழவில்லை

முகம் திரையைப் பார்த்துத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். குரல் முகம் பார்க்கும் திசையில்தான் போகும். வாசிக்கும் பழக்கம் போனால் பெரும்பாலும் இதுவும் போய்விடும்.

தொடக்கம் கேட்கிறது, வாக்கியத்தின் முடிவு கேட்கவில்லை என்றால் மூச்சு முடியும்போது குரல் விழுகிறது. தமிழில் இது சாதாரணக் குறை கிடையாது, ஏனென்றால் நமக்கு வினைச்சொல் கடைசியில் வருகிறது. ‘அடர் அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது’ என்பதில் ‘கூடாது’ விழுங்கப்பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வாக்கியத்தைச் சிறிதாக்கி, கடைசிச் சொல்லை முழுக் குரலில் முடிக்கப் பழக்குங்கள்.

மைக் ஊளையிட்டால் அது ஸ்பீக்கரின் ஒலியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்காமல் பின்னால் தள்ளி நில்லுங்கள்.

அறிகுறி: கேள்வி கேட்டால் வகுப்பே மௌனம்

கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்தார்கள். அதை 3 நொடி அல்லது அதற்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். 3 நொடி கேட்பவருக்குக் குறைவு, முன்னே நிற்பவருக்கு மிக நீளம். மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வியும் ஒரு காரணமாக இருக்கலாம். ‘புரிந்ததா?’ என்பதற்குத் தலையாட்டல்தான் பதிலாக வரும். ‘இந்தக் கோடு இங்கே ஏன் கீழே இறங்குகிறது? பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு நிமிடம் பேசிவிட்டுச் சொல்லுங்கள்’ என்றால் வாய் திறக்கும்.

மாணவர் பேசி முடித்து, கூட்டத்திலிருந்து வந்த கேள்விக்கு அவர் திகைத்து நின்றால், முதலில் கேள்வியைத் திரும்பச் சொல்லப் பழக்குங்கள். எல்லோருக்கும் கேள்வி கேட்கும், அவருக்கும் யோசிக்கச் சிறிது நேரம் கிடைக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்.

அறிகுறி: குழுவில் ஒருவர் பேச, மற்றவர்கள் சிலையாக நிற்கிறார்கள்

ஸ்லைடைப் பங்கு பிரித்திருக்கிறார்கள், விஷயத்தைப் பிரிக்கவில்லை. யார் எந்தப் பகுதி பேசுவார் என்பதைத் தொடங்குவதற்குச் சற்று முன் ஆசிரியர் சீட்டுக் குலுக்கிப் போட்டால் எல்லோரும் எல்லாவற்றையும் படித்து வருவார்கள். பேசாதவர்கள் ஓரமாக உட்காரட்டும்.

அறிகுறி: எல்லோருடையதும் ஒரே மாதிரி, எங்கிருந்தோ எடுத்ததுபோல் இருக்கிறது

கோளாறு மாணவரிடம் இல்லை, கொடுத்த வேலையில் இருக்கிறது. ‘எரிமலை’ என்று தலைப்புக் கொடுத்தால் கலைக்களஞ்சியத்தின் முதல் பக்கம்தான் திரும்பி வரும். ‘எரிமலைச் சரிவில் ஆபத்து என்று தெரிந்தும் மக்கள் ஏன் குடியிருக்கிறார்கள்?’ என்று கேள்வியாகக் கொடுங்கள். சாம்பல் மக்கி வளமாகும் மண்ணைப் பற்றியும், வேறு போக்கிடம் இல்லாததைப் பற்றியும், வெடிப்புகளுக்கு இடையே நீளும் பல ஆண்டுகளைப் பற்றியும் அவர்களே தேடிப் போவார்கள். இயந்திரம் எழுதிக் கொடுத்ததை எடுத்து வந்தாலும் முடிவில் நாலு கேள்வி கேட்டால் யார் யோசித்தார்கள் என்று தெரிந்துவிடும்.

மதிப்பெண் பங்கீட்டையும் பாருங்கள். அழகுக்குப் பாதி மதிப்பெண் வைத்தால் மாணவர் நேரத்தில் பாதி அழகுக்கே போகும். வடிவமைப்புக்குக் கொஞ்சம் வைத்து, தெளிவுக்கும் கேள்வி பதிலுக்கும் பெரும்பங்கு கொடுங்கள். கேட்கும் மாணவர்களுக்கும் ஒரு வேலை வேண்டும்: ஒவ்வொரு பேச்சுக்கும் ‘நான் புதிதாக அறிந்த ஒன்று, இன்னும் கேட்க விரும்பும் ஒன்று’ என்று இரண்டு வரி எழுதட்டும்.

அறிகுறி: குறை சொன்ன பிறகும் அடுத்த முறை அதே தவறு

ஒரே நேரத்தில் ஏழு குறை சொல்லியிருப்பீர்கள். ‘நன்று, இன்னும் முயற்சி தேவை’ என்று எழுதியிருந்தாலும் இதே கதிதான், எதை மாற்றுவது என்று அதில் இல்லை. ஒன்றை மட்டும் சொல்லுங்கள், செய்து காட்டக்கூடியதாகச் சொல்லுங்கள்: ‘மூன்றாவது ஸ்லைடில் திரையைப் பார்க்காமல் பேசு’.

கைபேசியில் ஒத்திகையைப் படம் எடுத்து, மாணவர் தானே இரண்டு முறை பார்க்கட்டும். ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பார்த்தால் கையும் கண்ணும் எங்கே போகின்றன என்று தெரியும். திரையைக் கவிழ்த்துவிட்டு ஒலியை மட்டும் ஒருமுறை கேட்டால் வேகமும் விழுங்கிய சொற்களும் பிடிபடும். அந்தப் பதிவு அவருடைய கைபேசியிலேயே இருக்கட்டும், வகுப்புக் குழுவில் பகிர வேண்டாம்.

பிறகு திரும்பச் செய்ய வாய்ப்புக் கொடுக்க வேண்டும், அதுவும் சீக்கிரம். அடுத்த பருவம்வரை காத்திருந்தால் சொன்னது மறந்துவிடும். முழுப் பேச்சையும் மறுபடி கேட்க வகுப்பில் நேரம் இருக்காது என்பது உண்மைதான். முதல் இரண்டு நிமிடத்தை மட்டும், மறுநாள் வகுப்பின் தொடக்கத்தில், சொன்ன அந்த ஒரு திருத்தத்தோடு பேசச் சொல்லுங்கள். நாளுக்கு இரண்டு பேர் என்று வைத்தாலும் 40 பேர் உள்ள வகுப்பு நாலு வாரத்தில் முடிந்துவிடும்.